சுண்டுவிரல் நுழையும் கதவு

"யாருங்க என் சார்ஜரைப் பிடுங்கிப் போட்டது?"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலுக்கு அவள் திரும்பவே இல்லை. திரும்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே... சுவரோரம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் ஹெட்செட்டின் குட்டிச் சிவப்பு விளக்கு எப்போது பச்சையாகும் என்று அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காத்திருப்பு அறையை என்னவென்று சொல்ல! வழவழவென்று தரை, வரிசையாக நாற்காலிகள், மூலைக்கு மூலை பூந்தொட்டி, ஆள் உயரக் கண்ணாடி ஜன்னல், வெளியே சோவென்று மழை... எல்லாம் இருந்தது. ப்ளக் பாயின்ட் மட்டும் ஒன்றே ஒன்று! கட்டினவர் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம்.

"உங்களைத்தாங்க... நனைஞ்ச துப்பட்டா..."

இப்போது திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பினாள்.

முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறான் போல. இமையில் இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. கோபப்பட வேண்டிய கண்கள்தான்... ஆனால் பாருங்கள், உள்ளே ஏதோ ஒரு சிரிப்பைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிற கண்கள். 'சே, இப்படி ஒரு கண்ணை வச்சுக்கிட்டு எப்படித்தான் சண்டை போடப் போறானோ' என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

"யாரோடதோ கேட்பாரில்லாம கிடந்துச்சு... எடுத்துட்டேன்."

"முகம் கழுவப் போனா கேட்பாரில்லாததா?"

"பேர் எழுதி ஒட்டியிருக்கணும்."

"நாம என்ன ஒண்ணாங்கிளாஸா, பேர் எழுதி ஒட்டுறதுக்கு?"

"சத்தம் போடாதீங்க... எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். பிடுங்கினது நீங்க. எனக்கு என்ன வெட்கம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், அவன் அடைத்து வைத்திருந்த சிரிப்பும் வெளியே வந்துவிட்டது.

"சரி... எவ்வளவு சார்ஜ் இருக்கு உங்களுக்கு?"

"கொஞ்சூண்டு. உங்களுக்கு?"

"அதைவிடக் கொஞ்சூண்டு."

"பொய்!"

"காட்டவா?"

காட்டினான். பாவம், உண்மைதான். அவள் தன் ஒயரைப் பிடுங்கி, அவனுடையதைத் தானே சொருகினாள். கொஞ்ச நேரம் அவனுக்கு, கொஞ்ச நேரம் இவளுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. காவல் காக்கிற மாதிரி இருவரும் அந்த ஒற்றை ப்ளக்கின் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்கும்போது!

"என்ன வேலைக்குப் பணம் கேட்டு வந்திருக்கீங்க?" என்றான் அவன்.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். நீங்க எனக்குப் போட்டியா இருந்தா?"

"இருந்தா என்ன?"

"இருந்தா இந்த ப்ளக் கிடையாது."

"அப்போ நானும் சொல்லலை, தாயே... எனக்கு ப்ளக் முக்கியம்."

ஜன்னலில் மழை கோடு கோடாக வழிந்தது. அவன் பேசினான், அவள் பேசினாள், எதைப் பற்றி என்று கேட்டால் இருவருக்குமே சொல்லத் தெரியாது... அப்படி ஒரு பேச்சு. நடுவில் அவள் போன் அடித்தது. அண்ணன்.

"ஏய், உள்ள கூப்பிட்டாங்களா?"

"இன்னும் இல்லைண்ணா."

"இங்க பாரு... அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க வேலைக்கு வர்றியான்னு மறுபடி கேட்டுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். உனக்கு அங்க பணம் கிடைச்சா சரி. கிடைக்கலைன்னா கையெழுத்துப் போட்டுடணும். பேச்சு மாறக் கூடாது."

"போட்டா நம்ம சின்னவளுக்காக எழுதுறதை நான் தொடவே கூடாதுண்ணா. வெளியில எதுவும் எழுதக் கூடாதுன்னு அவங்க ஒப்பந்தத்துல இருக்கு."

"தெரியும்மா... எவ்வளவு நாள்தான் சம்பளம் இல்லாம எழுதுவே?"

அவள் போனை வைத்தாள். முகம் வாடிப்போயிருந்தது. பக்கத்தில் இருந்தவன் தன் சார்ஜரை உருவிவிட்டு அவளுடையதைச் சொருகினான்.

"உங்க முறை இன்னும் முடியலையே..." என்றாள்.

"எனக்குப் போதும்... நீங்க போட்டுக்கங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது... அது என்னவென்று யோசிக்குமுன் கதவு திறந்தது. அலுவலக உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"ஊசி யாருங்க? ஆமை யாருங்க? ரெண்டு பேரும் சேர்ந்து உள்ள வாங்க."

இந்தத் தொழிலில் யாருக்கும் யார் முகமும் தெரியாது. திரையில் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்தான் எல்லாம்.

அவள் எழுந்தாள். அவனும் எழுந்தான்.

"நீங்க... ஆமையா?"

"நீங்கதான் அந்த ஊசியா?"

சிரித்த நான்கு கண்களும் ஒரே நொடியில் இறுகிப்போயின. ஐயோ, இப்போதுதானே எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது!

என்ன விஷயம் என்று சொல்லிவிடவேண்டும். கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் வேறொரு உலகத்துக்குள்ளேயே போய் நடக்கலாம், பேசலாம் இல்லையா? அந்த உலகம் பெரும்பாலும் ஏதாவது ஒரு கம்பெனியின் கையில் இருக்கும். அவர்கள் வைத்ததுதான் சட்டம். ஒரு நாள் மூடினால் மூடியதுதான். அது வேண்டாம் என்று சில பேர் அவரவர் கம்ப்யூட்டரில் அவரவர் சின்ன உலகத்தைக் கட்டி, ஒன்றுக்கொன்று கதவு வைத்துக்கொண்டார்கள். அதற்கு வேண்டிய மென்பொருள் எல்லாருக்கும் பொது. யாரும் பார்க்கலாம், திருத்தலாம். தெருவும் பாலமும் மாதிரிதானே இதுவும் என்று பொதுப்பணத்திலிருந்து நிதி கொடுக்க ஒரு குழு. அந்தக் குழுவின் வாசலில்தான் இவ்வளவு நேரம் ப்ளக் சண்டை!

அந்த மென்பொருளில் இவள் எழுதியது விரல்கள். அவளுடைய தங்கைக்கு, அந்தச் 'சின்னவளுக்கு', பிறந்ததிலிருந்தே காது கேட்காது; கைதான் அவளுக்குப் பேச்சு. அவளும் அவள் தோழிகளும் சைகையில் அரட்டை அடிக்கிறதுக்கு ஒரு கூடம் கட்டி, பத்து விரலும் உயிரோடு அசைகிற மாதிரி செய்தது அக்காக்காரி. அவன் எழுதியது கதவுகள். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வேலையாக, முகம் பார்க்காமலே ஒன்றாகச் செய்துகொண்டிருந்தவர்கள்தான். பிறகு அவன் பிரிந்து போனான். இந்தத் தொழிலில் அதற்கும் வழி உண்டு. பிடிக்கவில்லை என்றால் எழுதியதை அப்படியே ஒரு பிரதி எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடலாம். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி... என்ன, இதில் இரண்டு பேருக்கும் முழு வீடு கிடைத்துவிடும். பேச்சுவார்த்தை மட்டும் போய்விடும்.

உள்ளே நீள மேஜை. நடுவில் குழுத்தலைவி, மூக்கு நுனியில் கண்ணாடி. பக்கத்தில் கணினி ஆலோசகர்.

"முதல்ல காட்டுங்க. பேச்சு அப்புறம்" என்றார் தலைவி.

அவள் தங்கைக்குத் தகவல் அனுப்பினாள். மேலே கேமரா பொருத்திய சுவர்த் திரையில் ஒரு கூடம் தெரிந்தது. தங்கை மஞ்சள் உருவமாக வந்து நின்று, தோழிகளோடு கை வீசிப் பேசினாள். விரல்கள் மீன்குஞ்சு மாதிரி துள்ளின. தலைவி முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"இப்போ கதவைத் தாண்டச் சொல்லுங்க" என்றார் ஆலோசகர்.

தங்கை ஓடிவந்து கதவைத் தாண்டினாள். அந்தப் பக்கம் அவன் மென்பொருளில் கட்டிய ஒரு பெரிய நூலகம். தாண்டியதுதான் தாமதம்... பத்து விரலும் ஒட்டிப் பொம்மைக் கட்டைக் கையாகிவிட்டது. கையைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் பேச வழியில்லாமல் நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள்.

"ஏன் அந்தப் பொண்ணு பேச்சை நிறுத்திட்டா?" என்றார் தலைவி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆலோசகர் சொன்னார். "இவங்க விரல் எழுதுற முறை ஒண்ணு. இவர் கதவு படிக்கிற முறை வேற. பிரிஞ்சதுல இருந்து ரெண்டும் பேசிக்கிறதே இல்லை."

"பேசிக்காதது விரல்களா? இவங்களா?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார் தலைவி. "பாருங்கம்மா... பாருங்க தம்பி... ரெண்டு பேரும் கேட்டிருக்கிறது ஒரே வேலைக்கு. இது ஊர்ப்பணம். ஒரே வேலைக்கு ரெண்டு தடவை அள்ளிக் கொடுத்தா என்னை ஊரே கேட்கும். சேர்ந்து செய்றதா இருந்தா தரேன். இல்லைன்னா ரெண்டு பேருக்கும் இல்லை."

"முடியாதுங்க" என்றாள் அவள்.

"முடியாதுங்க" என்றான் அவன்.

"அடடா, இதுல மட்டும் என்ன ஒத்துமை!" என்று தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "சாப்பாட்டு நேரம். போய் ஏதாவது சாப்பிட்டுட்டு, புத்தியோட வாங்க."

யார் சாப்பிட்டார்கள்! படிக்கட்டுக்கு வந்ததுமே ஆரம்பித்துவிட்டது.

"சொல்லாம கொள்ளாம மொத்தத்தையும் பிரதி எடுத்துட்டுப் போனவர்தானே நீங்க... உங்களோட எப்படிங்க சேர்றது?"

"போக வச்சது யாரு? ராத்திரி பகலா உட்கார்ந்து விரலுக்கும் கதவுக்கும் பாலம் எழுதி அனுப்பினேன். 'தேவையில்லை, நன்றி'ன்னு ஒரே வரியில மூடிட்டீங்க. ஒரு காரணம் இல்லை... ஒரு கேள்வி இல்லை... தெரு நாயைக்கூட யாரும் அப்படி விரட்ட மாட்டாங்க!"

"என்னது? நானா? நான் எங்க மூடினேன்? நான் அதைப் படிக்கவே இல்லையே!"

"அது இன்னும் மோசம்."

"இருங்க... இருங்க..." அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அனுப்பினது பார்த்தேன். ரொம்பப் பெருசு. முதல் பக்கமே அவ்வளவு அழகா இருந்துச்சு... இதை அரக்கப்பரக்கப் படிக்கக் கூடாது, நிதானமா உட்கார்ந்து படிக்கணும்னு எடுத்து வச்சேன். அந்த வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பார்த்தா நீங்க பிரிஞ்சு போயிட்டீங்க. நாலு நாள் பொறுக்கத் தெரியாத ஆளு எழுதினதை எதுக்குப் படிக்கணும்னு நானும்..." சட்டென்று நிறுத்தினாள். கண் விரிந்தது. "ஐயோ!"

"என்ன?"

"அந்த ரோபோ!"

"எந்த ரோபோ?"

"புகார், திருத்தம் எல்லாம் குவிஞ்சு கிடக்குதுன்னு ஒரு சின்ன நிரல் எழுதி வச்சேன்... மூணு நாளா யாரும் தொடாததை அதுவே மூடிடும். மரியாதையா இருக்கட்டும்னு 'தேவையில்லை, நன்றி'ன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்... அது உங்களோடதையும் மூடியிருக்கு! என் பேர்லயே!"

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு... எந்திரத்தோட கோவிச்சுக்கிட்டா நான் வீட்டை விட்டுப் போனேன்?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமில்ல நீங்க?"

"வீராப்பு..."

"எனக்கும்தான்..."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேல் மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது... அதில் பாதி சிரிப்பு, பாதி வேறு என்னவோ. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

"அதை இப்போ காட்டுங்க" என்றாள். "நீங்க எழுதினதை. இப்போ படிக்கிறேன்."

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடும்."

"காட்டுங்கன்னு சொன்னேன்ல?"

மடியில் கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு அவள் படித்தாள். ஒரு ஆள் எழுதியதைப் படிப்பது, அவன் கண்ணைப் பார்ப்பதை விடப் பெரிய விஷயம். எங்கே அவசரப்பட்டான், எங்கே நின்று யோசித்தான், யாரை நினைத்தான்... எல்லாம் தெரிந்துவிடும். ஓர் இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"சுண்டுவிரலுக்குத் தனி வழி வச்சிருக்கீங்க... யாரும் வைக்க மாட்டாங்களே. எல்லாரும் மோதிர விரலோட சேர்த்துக் கட்டிடுவாங்க. எப்படித் தோணுச்சு?"

"ஒரு புகார் வந்திருந்துச்சு. 'எல்லா விரலும் பேசுது, என் சுண்டுவிரல் மட்டும் பேச மாட்டேங்குது'ன்னு. எழுதினது யாருன்னு தெரியாது. படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரலை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். 'அது என் தங்கச்சி' என்று சொல்ல வாயெடுத்தாள். கைதான் திரை இருந்த அறைப் பக்கம் நீண்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"திரையில நின்னுச்சே... அந்தப் பொண்ணா?"

"ம்..."

"நகருங்க" என்றான். குரலே மாறிவிட்டது. "ரெண்டையும் ஒட்டிடலாம். நீங்க உங்க விரல் முறையைச் சொல்லுங்க, நான் கதவை மாத்துறேன்."

அப்புறம் அங்கே நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! "அது இல்லை, மேல மேல..." "இதா?" "ஐயோ, அதுக்கு முந்தினது..." "மிரட்டாதீங்க, கை நடுங்குது..." "ஆமைன்னு பேர் வச்சா இப்படித்தான்..." "ஊசி, குத்தாம இருங்க கொஞ்சம்..." அவன் எழுத அவள் பார்த்தாள், அவள் எழுத அவன் பார்த்தான். தோளோடு தோள் இடித்ததை இருவரும் கவனிக்காத மாதிரியே கவனித்துக்கொண்டார்கள்.

உள்ளே போனதும் தலைவி திரையைக் காட்டினார்.

தங்கை கதவு வரை வந்து நின்றாள். தயக்கம்... பின்னே இருக்காதா? அக்கா 'வா' என்று எழுதி அனுப்பினாள். ஒரு காலை வைத்தாள். தாண்டினாள்.

கைகளைத் தூக்கிப் பார்த்தாள்.

ஒவ்வொரு விரலாக மடக்கினாள்... விரித்தாள்... கடைசியில் சுண்டுவிரலைத் தனியாக நீட்டினாள். நீட்டியது! அவ்வளவுதான், அந்த நூலகத்தின் நடுவில் தங்கை ஆட ஆரம்பித்துவிட்டாள். கையும் விரலும் ஓயவில்லை. பக்கத்து உலகத்திலிருந்து தோழிகளும் கூட்டமாகக் கதவைத் தாண்டி ஓடிவந்தார்கள்.

ஆலோசகர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து பெருமூச்சு விட்டார். அவள் மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றா அந்தப் பொண்ணு? சொல்லுங்க, நாங்களும் கேட்கறோம்" என்றார் தலைவி.

தங்கை சொன்னது இதுதான்: 'அக்கா, உன் பக்கத்துல நிக்கிறவர்தான் ஆமையா? கேமரால தெரியுது. திரையைப் பார்க்காம உன்னையே பார்த்துட்டு நிக்கிறாரு. ஆளு நல்லாத்தான் இருக்காரு. விட்டுடாதே.'

அவள் முகம் காது வரை சிவந்துவிட்டது. "அது... எல்லாருக்கும்... நன்றி சொல்றா."

"இவ்வளவு நீளமா நன்றியா?"

"அவ கொஞ்சம் வாயாடிங்க..."

பக்கத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம். திரும்பினாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். சுண்டுவிரலுக்கு வழி எழுதுகிறவன் அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளாமலா எழுதியிருப்பான்? அடக் கடவுளே... எல்லாம் புரிந்திருக்கிறது! பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு.

தலைவி இருவரையும் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ, உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடியது. "சரி. ரெண்டு பேருக்கும் சேர்த்து நிதி உண்டு. எழுதுற ஒவ்வொரு வரியும் ஊருக்குப் பொது... மறந்துடாதீங்க. இன்னொரு தடவை பிரிஞ்சு போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் போகணும்."

வெளியே நடைபாதைக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது அண்ணனுக்குப் போன்.

"அண்ணா... கிடைச்சிடுச்சு! அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடு!"

"அப்பாடா..." என்றான் அண்ணன். "நீ அங்க கையெழுத்துப் போட்டா உன் மூஞ்சியை வீட்டுல யாரு பார்க்கறதுன்னு காலையிலிருந்து அம்மா ஒரே புலம்பல். இரு, அவங்ககிட்ட சொல்றேன். சின்னவ வேற என்னமோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்றா... யாரோ ஆமையாமே?"

அவள் அவசரமாகப் போனை அணைத்தாள்.

அவன் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். பையைத் தோளில் மாட்டினான்... கழற்றினான்... மறுபடி மாட்டினான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றான் கடைசியில். "பிரிஞ்சு போனதுக்கு அப்புறமும்... நீங்க எழுதுறதை நான் ஒரு நாள்கூடப் படிக்காம விட்டதில்லை. காலையில எழுந்ததும் முதல் வேலை அதுதான். என்ன தப்பு பண்ணியிருக்காங்கன்னு பார்க்கத்தான் படிக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். தப்பு ஒண்ணும் கிடைக்காது. மறுநாளும் படிப்பேன். நீங்க எழுதாத நாள்ல... எனக்கு ஏன் ஒண்ணுமே ஓடலைன்னு யோசிப்பேன்." அவன் அவள் கண்ணைப் பார்த்தான். "கோவத்துல யாரும் ஒருத்தரை இப்படித் தினம் தேடிப் படிக்க மாட்டாங்க... இன்னைக்குத்தான் எனக்கே புரிஞ்சுது. அதுக்குப் பேரு வேற."

அவள் தரையைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். இதயம் அடிக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க..."

"நீங்க ஒரு எழுத்து மாத்தினாலும் என் போன்ல மணி அடிக்கிற மாதிரி வச்சிருக்கேன். எதிரி என்ன பண்றான்னு கண்காணிக்கிறேன்னு சின்னவகிட்ட சொல்லி வச்சேன். அவ ஒரு நாள்கூட நம்பலை." மெல்ல நிமிர்ந்தாள். "இனிமே நாம எதிரி இல்லை... அந்த மணியை நிறுத்திடவா?"

அவன் கண்ணில் அடைத்து வைக்க இனி ஒன்றுமில்லை. எல்லாம் வெளியே வந்து நின்றது.

"நிறுத்தாதீங்க..." என்றான். "எப்பவும் நிறுத்தாதீங்க."

"சரி..." என்றாள் அவள். அவ்வளவு மெதுவாகச் சொன்ன ஒரு 'சரி'யை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.